ஜாமீன் கையெழுத்து

அத்தியாயம் 11

அந்த ஜாமீன் முத்திரைத்தாள் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த கதையை ஹம்னா இசக்கியம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். மேசையில் இன்னும் பதினேழு கோப்புகள் இருந்தன.

காயல்பட்டினத்திலிருந்து வெளிநாட்டுச் சபர் போன ஒருவரின் பெட்டியில், தம்மடைப் பலகாரப் பொட்டலத்துக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் அது வாப்பா வேலை பார்க்கும் தம்மாமுக்குப் போனது. வாப்பா முகம்மது இப்ராஹிம் ஒரு நாள் விடுப்புப் போட்டார். தூதரகச் சேவை மையத்தில் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கினார். பிறகு விடுமுறைக்கு ஊர் வந்த இன்னொருவரின் பெட்டியில், பேரீச்சம்பழத்தோடு அது திரும்பி வந்தது. கூரியரில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆள் போகிறபோது கூரியரில் கொடுப்பது, போகிறவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

வாப்பாவைச் சம்மதிக்க வைக்க நாற்பது நாள். தாள் போய் வர இன்னும் பன்னிரண்டு நாள். திருநெல்வேலியில் முதுகலை கடல் உயிரியல் முதலாண்டு படிக்கும் ஹம்னா, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் நார்வே போக மனுச் செய்திருந்தாள். ஜனவரியில் போய் ஜூனில் திரும்ப வேண்டும். மீதிப் படிப்பு இங்கேதான். துறையிலிருந்து இரண்டு பெயர்கள் போகும், அதில் அவள் பெயரும் இருந்தது.

வாப்பாவுக்கு முதலில் குளிர் பிரச்சினையாக இருந்தது. அப்புறம் சாப்பாடு. அப்புறம், அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே பொழுதடைந்து மஃரிப் ஆகிவிடுமாமே, பிள்ளை எப்படி நேரம் பார்த்துத் தொழும் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஹம்னா பதில் வைத்திருந்தாள். தாய்மாமா நூகு தம் பங்குக்கு மச்சானிடம் தினமும் போனில் பேசினார். நாற்பதாவது நாள் வாப்பா ஒரு பெருமூச்சு விட்டு, சரி என்றார். அன்று வீட்டில் இனிப்புக்கு வட்டலப்பம் செய்தார்கள்.

மனுவைக் கொடுக்க இன்று கடைசி நாள். மணி பத்தே முக்கால்.

இசக்கியம்மா பல்கலைக்கழகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளர். கோப்பைப் புரட்டும்போது அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்போர்ட் நகல், மதிப்பெண் பட்டியல், துறைத்தலைவர் கடிதம், தந்தையின் சம்மதக் கடிதம் என்று ஒவ்வொன்றாகப் புரண்டது. ஜாமீன் பத்திரம் வந்ததும் விரல் நின்றது.

"இது யாரு கையெழுத்து?"

"எங்க வாப்பா மேடம்."

"ஜாமீன் போடுதவங்க சொத்து உள்ளவங்களா இருக்கணும். சொத்துக்கு என்ன வச்சிருக்க?"

ஹம்னா வீட்டு வரி ரசீதின் நகலைக் காட்டினாள்.

"இதுல ஆபிதா பீவின்னு இருக்கு."

"அது எங்க உம்மா."

இசக்கியம்மா ரசீதையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வீடு அம்மா பேருல. ஜாமீன் அப்பா போட்டிருக்காரு. உங்க அப்பா பேருல என்ன இருக்கு?"

ஹம்னா யோசித்தாள். தம்மாமில் ஒரு கட்டிலும், அதற்கு அடியில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. "ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்போ போட வேண்டியது உங்க அம்மால்லா."

காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். வாப்பாவும் அப்படி வந்தவர்தான். தொட்டிலில் கிடக்கும்போதே தெரிந்துகொள்கிற சங்கதி இது, யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் காகிதம், கையெழுத்து என்று வந்துவிட்டால் எல்லார் கண்ணும் ஆண்பிள்ளையைத் தேடும். அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவரைத்தான் தேடும். இந்த இரண்டு பழக்கமும் ஒரே வீட்டுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் இத்தனை காலம் இருந்துவிட்டன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த முதல் ஆள் இசக்கியம்மாதான்.

புதுப் பத்திரம் எழுதி, உம்மாவே நோட்டரி முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். வண்ணார்பேட்டையில் குமரகுருபரன் என்று ஒரு வக்கீல் இருப்பதாகவும், அவரிடம் போனால் தட்டச்சும் அங்கேயே முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

"அஞ்சு மணிக்கு நான் பட்டியல அனுப்பிட்டு பஸ்ஸுக்கு நிக்கணும். அஞ்சு அஞ்சுக்கு நீ வந்தா உன் முகத்தப் பாக்க மாட்டேன். பாத்தா எனக்குப் பாவமா இருக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

ஹம்னா வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தின் நிழலில் நின்று முதலில் கூப்பிட்டது நூகு மாமாவைத்தான். மாமா தம் பாத்திரக்கடையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, வீடு தம் அக்கா ஆபிதா ராத்தா பேரில்தான் இருக்கிறது என்று தமக்கே இப்போதுதான் நினைவு வந்தது போல, சிரிப்பை நிறுத்தினார். அதனால் என்ன, தாளை அனுப்பு, உம்மா கையெழுத்தை நானே போட்டுத் தருகிறேன், வருஷா வருஷம் நகராட்சியில் போடுகிறது யார் என்று கேட்டார். நோட்டரி முன்னால் ஆள் வர வேண்டும் என்று ஹம்னா சொன்னாள்.

"அப்போ உம்மாகிட்ட சொல்லு. அவ என்ன, மாட்டேன்னா சொல்லப் போறா?"

ஹம்னாவும் அப்படித்தான் நினைத்தாள்.

உம்மா போனை எடுத்தபோது பின்னால் குழாய்த் தண்ணீர் சத்தமும் மீன் கழுவும் சத்தமும் கேட்டன. ஹம்னா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர்க் குழாய் நின்றது. 

"எத்தன மணிக்குள்ள?" என்றாள் உம்மா.

"அஞ்சு."

"வாறேன்."

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது.

வண்ணார்பேட்டைக்கு பஸ்ஸில் போகும்போதுதான் ஹம்னாவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வாறேன் என்றுதான் உம்மா சொன்னாள். போடுதேன் என்று சொல்லவில்லை.

அவள் அந்த நாற்பது நாளையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தாள். வாப்பாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் உம்மா அறையில்தான் இருந்தாள். திரையில் தெரியாத ஓரத்தில், துணி மடித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருந்தாள். வாப்பா குளிரைப் பற்றிச் சொன்னபோது இருந்தாள், தொழுகையைப் பற்றிச் சொன்னபோதும் இருந்தாள். வட்டலப்பம் செய்ததும் அவள்தான். நார்வேயைப் பற்றி உம்மா என்ன நினைக்கிறாள் என்று யோசித்தபோது, ஹம்னாவுக்கு ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. சொன்னது மறந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை.

குமரகுருபரனின் அலுவலகம் ஒரு செருப்புக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. தட்டச்சு செய்கிற பெண் அரைமணி நேரத்தில் பத்திரத்தை அடித்துக் கொடுத்துவிட்டாள். பிறகு ஹம்னா ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. இரண்டு முறை போன் செய்தாள். பஸ்ஸில் இருக்கிறேன் என்று ஒருமுறையும், கருங்குளம் தாண்டியாச்சு என்று ஒருமுறையும் உம்மா சொன்னாள். 

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கறுப்புத் துப்பட்டாவின் மேலே ஒரு துணிப்பை. பாளையங்கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்ததாகவும், ஆட்டோக்காரன் ஊரைச் சுற்றப் பார்த்தான், நான் விடவில்லை என்றும் சொன்னாள். பையிலிருந்து ஆதார் அட்டை, வரி ரசீது, பிளாஸ்டிக் உறையில் போட்ட வீட்டுப் பத்திரம் எல்லாம் வந்தன. எதையும் எடுத்து வரச் சொல்லி ஹம்னா சொல்லியிருக்கவில்லை.

குமரகுருபரன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "இங்கன ஒண்ணு, பின்னால ஒண்ணும்மா."

"வாசிச்சிட்டுப் போடுதேன் சார்."

உம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியின் அடியிலும் விரலை வைத்து, உதடு அசையாமல் வாசித்தாள். மூன்று பக்கம். குமரகுருபரன் ஒரு போன் பேசி முடித்தார். தேநீர் வந்தது. குடித்தார். உம்மா இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தாள். மணி மூன்றேகால்.

"இது என்ன சார்? பிணையாளரின் சொத்தின் மீது உரிமை கோரப்படும்னு போட்டிருக்கு."

மாணவி சொன்ன தேதியில் திரும்பி வந்து இங்கே படிப்பை முடிக்காவிட்டால், செலவான தொகைக்காக வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று அர்த்தம் என்றார் அவர். உடனே கையை ஆட்டினார். எல்லாம் ஒரு எழுத்துக்குத்தான், அப்படி யாரும் வந்ததே இல்லை என்றார்.

"வர மாட்டாங்கன்னா எதுக்கு சார் எழுதி வைக்கணும்?"

 வக்கீலுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்க வேண்டும், தேநீர் கிளாஸை எடுத்து வெறும் கிளாஸைக் குடித்தார்.

உம்மா கண்ணாடியைக் கழற்றினாள். பத்து நிமிஷம் தாங்க சார் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.  ஹம்னா பின்னாலேயே போனாள்.

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றார்கள். கீழே செருப்புக்கடையில் யாரோ அளவு போதவில்லை என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.

"போன செவ்வாய்க்கிழம ஷஃபீகா மாமி வந்தாவ," என்றாள் உம்மா. "அனஸுக்கு உன்னக் கேட்டு."

ஷஃபீகா மாமி அடுத்த தெருக்காரர். அவர் மகன் அனஸ் துபாயில் இருக்கிறான். ஹம்னா அவனைப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நேரில் பார்த்ததில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டப் பத்திக் கேட்டாவ. வில்லங்கம் ஏதும் இல்லியேன்னு. இல்லேன்னு சொன்னேன். சித்திர மாசம் வச்சுக்கலாம்னாவ. பாப்போம்னு சொன்னேன்."

தான் சித்திரையில் நார்வேயில் இருப்பது உம்மாவுக்குத் தெரியும். ஹம்னா குரலை உயர்த்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீ எங்கிட்ட சொன்னியா?"

உம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மீனுக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரல்தான்.

"வாப்பாகிட்ட நாப்பது நாளு கேட்ட. மாமாகிட்ட கேட்ட. காலேஜுல கேட்ட. இன்னைக்கும் அந்தம்மா சொல்லலேன்னா நான் மீன் கழுவிக்கிட்டு இருந்திருப்பேன்."

ஹம்னா கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கலாம். அழுதும் பார்க்கலாம், உம்மா அழுகைக்கு இரங்குகிறவள்தான். ஆனால் இரண்டும் கையெழுத்துக்காகச் செய்கிற காரியமாகத்தான் தெரியும் என்று பட்டது. மணி மூன்றரை. இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஆட்டோவில் நாற்பது நிமிடம்.

"உம்மா, நான் ஆறு மாசம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

நாற்பது நாள் பிந்திய கேள்வி. கேட்ட பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது.

உம்மா வக்கீலின் அறைப் பக்கம் தலையசைத்தாள். "அதுல நீ திரும்பி வருவேன்னு நான் எழுதிக் குடுக்கேன். எங்க உம்மா எனக்குத் தந்த வீட்ட வச்சு எழுதிக் குடுக்கேன். வருவியா?"

வருவேன் என்று சொல்வது எளிது. வாப்பாவிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். போவேன், படிப்பேன், வருவேன், நம்ம ஊரிலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு உங்கள் கண் முன்னாலேயே இருப்பேன் என்று ஒப்பித்துப் பழகியிருந்தாள். இப்போது அது வாய் வரை வந்து நின்றுவிட்டது. உம்மா அவள் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் நின்றாள்.

"படிப்ப முடிக்க வருவேன் உம்மா. அது சத்தியம். அதுக்குப் பொறவு எனக்குத் தெரியல."

"வாப்பாகிட்ட அப்படிச் சொல்லலியே."

"இல்ல. இங்கனயே இருப்பேன்னு சொன்னேன்."

உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

"அவங்களும் என்கிட்ட ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுத்தான் போனாவ. இருவத்திரெண்டு ஆச்சு."

கீழே செருப்புத் தகராறு முடிந்துவிட்டிருந்தது. உம்மா படியேறினாள். குமரகுருபரனின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து மறுபடியும் விரலை வைத்து, மூன்றாம் பக்கம் முடியும் வரை வாசித்தாள். ஹம்னா கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது உம்மா, ஆபிதா பீவி என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. நகராட்சித் தாள்களில் நூகு மாமா கிறுக்குகிற கையெழுத்துக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

நாலு நாற்பத்தெட்டுக்கு இசக்கியம்மா பத்திரத்தைக் கையில் வாங்கினார். கையெழுத்தைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்திருந்த உம்மாவைப் பார்த்தார்.

"வீட்டுக்காரங்களே வந்துட்டீங்களோ?"

"ஆமாம்மா."

"எங்க வீடும் எம்பேருலதான். ஆனா சாவி இன்னைக்கு வரைக்கும் அவருகிட்டத்தான் இருக்கு," என்றார் இசக்கியம்மா. சிரிக்காமல் சொன்னார். உம்மா சிரித்தாள். கோப்பில் முத்திரை விழுந்தது. பட்டியலில் இரண்டாவது பெயராக ஹம்னாவின் பெயர் ஏறியது. அங்கிருந்து நார்வேக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரிய மூன்று வாரம் ஆகும் என்றார்.

திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. உம்மா ஜன்னல் பக்கம். செய்துங்கநல்லூர் தாண்டியது.  வாழைத்தோட்டங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. வாப்பாவுக்கு இன்றைய கதையை யார் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று ஹம்னா நினைத்துக்கொண்டிருந்தாள். தம்மாமிலிருந்து வந்த முத்திரைத்தாள் அவள் பையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

உம்மாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஷஃபீகா மாமி. உம்மா அடிக்க விட்டாள். மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்து ஸலாம் சொன்னாள்.

"ஆமா மாமி, திருநவேலிக்கு வந்தேன். பத்திரத்துல ஒரு கையெழுத்து போட. ஆமா, வீட்ட வச்சுத்தான்."

மறுமுனையில் பேச்சு நீண்டது. நூகு மாமா கடையிலிருந்து செய்தி அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்க வேண்டும். ஹம்னாவுக்குச் சொற்கள் கேட்கவில்லை, குரல் ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. உம்மா உம், உம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வில்லங்கம் என்று நான் நினைக்கவில்லை என்றாள். சித்திரை ஆகாது என்றாள். பிறகு அங்கே ஏதோ கேட்டார்கள். 

"அவளுக்குச் சம்மதமான்னு நான் சொல்லக் கூடாது மாமி. அவகிட்டத்தான் கேக்கணும். இங்கனதான் இருக்கா."

போனை முக்காட்டு நுனியால் துடைத்து, ஹம்னாவிடம் நீட்டினாள்.

 வாப்பாவின் நாற்பது நாள் கேள்விகளுக்கும் ஹம்னாவிடம் பதில் இருந்தது. இதற்கு ஒன்றுகூட இல்லை. உம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

வாங்கிக் காதில் வைத்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமி," என்றாள்.

பதில் ஸலாம் வந்தது. அது ஷஃபீகா மாமியின் குரல் அல்ல, கடல் தாண்டி வருகிற ஓர் ஆண் குரல்.